கம்பம் மைதானத்தில் விழுந்த கோல்

பழனிசெட்டிபட்டி
28.1.2026

அன்பு மகன் திலீபனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அந்தப் பனி ஊரில் நீயும் சிம்ரனும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வீரபாண்டிக் கௌமாரியை வேண்டிக்கொண்டே இதை எழுதுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, ஆனால் பரோட்டா சாப்பிடுவதை மட்டும் விடவில்லை. குடியரசு தின விழா எப்படி நடந்தது என்று போனில் கேட்டாய், நல்லா நடந்துச்சுப்பா என்று சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்திலேயே என் சித்தப்பா, உன் சுருளியாண்டிச் சின்னத் தாத்தா, உட்கார்ந்திருந்தார், வேறென்ன சொல்வது. திலீபனிடம் மட்டும் சொல்லிக்கொள்கிறேன் என்று அவரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். எழுதினாலாவது எனக்குப் பிடிபடுகிறதா பார்ப்போம்.

என் அப்பா, உன் மலைச்சாமித் தாத்தா, அவர் கதை உனக்குத் தெரியும், ஐந்தாம் வகுப்பில் நீயே மேடையில் சொல்லியிருக்கிறாய். 1959 ஜனவரி 26, காலையில் மதுரையில் நூறு கஜ ஓட்டத்தில் முதலாவதாக வந்து, பஸ்ஸைப் பிடித்து, சாயங்காலம் கம்பத்தில் கால்பந்து பைனல் ஆடி, குமுளி எஸ்டேட் டீமுக்கு எதிராகக் கோல் அடித்தார். வெறுங்காலோடு ஆடியவர்கள் பூட்ஸ் போட்டவர்களை ஜெயித்தார்கள். இந்தப் பக்கம் பந்து விளையாட்டென்றால் என்னவென்று தெரியாத காலம். அந்த ஓட்டத்தையும் அந்தக் கோலையும் சேர்த்துப் பார்த்துத்தான் மதுரை மில்லில் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள், அங்கே எட்டு வருஷம் மில் டீமில் ஆடினார். இதையெல்லாம் கல்லில் வெட்டி, கோம்பைப் பள்ளிக்கூட மைதானத்து வாசலில் இந்தக் குடியரசு தின விழாவில் பதிக்க ஏற்பாடு செய்தவர் பி.டி. வாத்தியார் விஜய்ராஜ். நல்ல பிள்ளை, ஆனால் எல்லாவற்றையும் தோண்டிப் பார்ப்பவர். விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது இரண்டு காகிதங்களோடு வீட்டுக்கு வந்தார். ஒன்று மதுரைப் போட்டியின் முடிவுப் பட்டியல், நூறு கஜம் பைனல் மாலை நாலு மணிக்கு நடந்தது என்று இருக்கிறது. இன்னொன்று கம்பத்து மேட்ச் நோட்டீஸ், அதிலும் அதே தேதி, மாலை நாலு மணி. நடுவில் மூன்று மணி நேர பஸ் தூரம். அக்கா, ஒரே ஆளு ரெண்டு ஊர்ல எப்படிக்கா என்று கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கப்பா பொய் சொல்ற ஆளில்லை என்று சொன்னேன். அவர் போன பிறகு காபி ஆறியதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். யோசிக்க யோசிக்க, அந்தக் கதையை அப்பா வாயால் ஒரு தடவைகூடக் கேட்ட ஞாபகம் வரவில்லை. சொன்னதெல்லாம் மற்றவர்கள். யாராவது ஆரம்பித்தால் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவார். கூச்சம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

மறுநாளே கோம்பைக்குப் போய்ச் சித்தப்பாவிடம் கேட்டேன். எண்பத்தைந்து வயதில், அந்த விந்தி நடக்கும் காலோடு தென்னைக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். அதெல்லாம் எதுக்குத்தா இப்ப, வா, எளநி குடி என்று பேச்சை மாற்றினார். காகிதங்களைக் காட்டியதும் மண்வெட்டியைக் கீழே போட்டார். அன்னைக்குக் கம்பத்துல ஆடுனது நாந்தேன் என்றார்.

அவர் சொன்னது இதுதான். ஓட்டம் காலையில் முடிந்துவிடும் என்று நம்பித் தாத்தா போயிருக்கிறார். அங்கே பைனலைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டார்கள், சொல்லி அனுப்ப வழியில்லை. அண்ணன் வந்ததும் போட்டுக்கொள்ளட்டும் என்று பனியனை எடுத்துக்கொண்டு தம்பி மைதானத்தில் காத்திருந்தார். மணி நாலாகியும் ஆளைக் காணோம். பேர் கொடுத்தவர்கள் மட்டும்தான் இறங்கலாம், இல்லையென்றால் பத்துப் பேர்தான். கேப்டன் என்னையப் பாத்தாக, அண்ணன் உசரம் அண்ணன் சாடை, போட்ரா அந்தப் பனியனன்னு சொன்னாக, போட்டுட்டேன் என்றார். கோல் அடித்தவர் அவர். அடித்த அதே நொடியில் எஸ்டேட் கோல்கீப்பர் பூட்ஸோடு முழங்கால் மேல் விழுந்துவிட்டார். வெளியே தெரிந்தால் கப்பைப் பிடுங்கிக்கொள்வார்கள், அதனால் தென்னையிலிருந்து விழுந்ததாக வீட்டில் சொல்லிக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். கட்டு கோணலாகப் போய்விட்டது. இரண்டு மாதத்தில் மில்லிலிருந்து கடுதாசி வந்திருக்கிறது. இது உன் கோலு, நீ போகாதேன்னு சொல்லு, நான் போகலைன்னு அண்ணன் என் கட்டிலுகிட்ட உக்காந்து அழுதாக, நான் நடக்கவே ஆறு மாசம் ஆகும் நீங்களாவது போங்கன்னு நாந்தேன் அனுப்புனேன் என்றார்.

எனக்கு அப்போது அப்பா மேல் கோபமா, சித்தப்பா மேல் இரக்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, இன்றுவரை தெரியவில்லை. அப்பா நிஜமாகவே ஓடினார், மில் டீமில் நிஜமாகவே ஆடினார். அவர் திருடர் இல்லை. ஆனால் நாங்கள் மதுரையில் படித்து வளர்ந்தது அந்த வேலையில்தானே. சித்தப்பா கல்யாணமே செய்துகொள்ளவில்லை, காலைக் காட்டிப் பெண் தர மாட்டேன் என்று மூன்று இடத்தில் சொன்னார்கள். கல்லை மாற்றச் சொல்கிறேன், உங்க பேரையும் வெட்டச் சொல்றேன் சித்தப்பா என்றேன். ஏத்தா, கோட்டி மாதிரிப் பேசாத, செத்தவுகள மேடையில வச்சு அசிங்கப்படுத்தவா என்று சத்தம் போட்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, பேரு வேணாம்த்தா, அந்தக் கோலு எப்படி விழுந்துச்சுன்னு ஒருத்தருட்டயாச்சும் முழுசாச் சொல்லணும்னு இருந்துச்சு, அண்ணன்ட்டச் சொன்னா அழுதுருவாக, வேற யாருட்டச் சொல்ல முடியும் என்றார்.

சொல்லுங்க என்றேன். எழுந்து நின்றுகொண்டார். இரண்டு தென்னைக்கு நடுவில் என்னைக் கோல்கீப்பராக நிறுத்தினார். அங்கன இருந்து பந்து வருது, இங்கன ஒருத்தன் தடுக்கான் என்று கீழே உதிர்ந்து கிடந்த தென்னங்குரும்பையை வைத்து இடம் காட்டினார். ஒரு பிள்ளையை ஏமாற்றுவது போல இடுப்பை வளைத்துக் காட்டினார், அந்தக் காலோடு. உதைக்கும் இடம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார், முகம் முழுக்கச் சிரிப்பு, அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

விழாவில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். கல்லில் ஓட்டமும் இருக்கிறது, கோலும் இருக்கிறது. விஜய்ராஜ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா எப்படி ஓடுவார் என்பதை மட்டும் பேசினேன், கோலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னம்மா பாதியிலேயே இறங்கிட்டீக என்று விழாத் தலைவர் கேட்டார். சித்தப்பா முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். நான் செய்தது சரியா திலீபா? சொல்லியிருந்தால் யாருக்கு நியாயம், சொல்லாததால் யாருக்கு நியாயம், ஒன்றும் விளங்கவில்லை. நீ படித்தவன், உனக்கு என்ன தோன்றுகிறதோ எழுது. உன் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஐஸ் மேல் ஓடுகிறேன் என்று கிளம்பாதே, நல்ல பிடிமானமுள்ள ஷூவாக வாங்கிக்கொள். சிம்ரனை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் இரண்டு பேரும் மனம் ஒத்து, நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். மறக்காமல் இந்த ஞாயிற்றுக்கிழமை சின்னத் தாத்தாவுக்குப் போன் போடு, அந்தக் கோல் எப்படி விழுந்தது என்று கேள். முக்கால் மணி நேரம் ஆகும், நடுவில் வைத்துவிடாதே.

அன்பு அம்மா,
ஹேமாவதி