அக்கா காட்டாத இடம்

என் கமலா அக்காவுக்கு,

நீ போய் ஆறு வருடம். மட்டாஞ்சேரியில் பெரிய மாற்றமில்லை. பழைய கிடங்குகள் காபிக்கடைகளாகிவிட்டன. அங்கே சுமை தூக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் வரிசையில் நின்று காபி குடிக்கிறார்கள்.

போன மாதம் என் மனைவி சரளாவுக்கு இடுப்பு வலி வந்தது. விழவில்லை, எதையும் தூக்கவில்லை. ஒருநாள் நின்றபடியே தோசை சாப்பிட்டாள். உட்கார்ந்தால் வலிக்கிறதாம். உன் கடைசி வருடத்தில், எர்ணாகுளம் படகில், காலி பெஞ்சுகளுக்கு நடுவே நீயும் அப்படித்தான் நின்றாய். "கண்டக்டர் வேலை கிடைச்சிருக்கா அக்கா?" என்று கேட்டேனே. நீ சிரித்தாயா, பல்லைக் கடித்தாயா?

வெந்நீர்ப் பையை நீ எங்கே வைத்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியும். இடுப்புக்கு ஒரு சாண் கீழே. டாக்டரிடம் மட்டும் கௌரவமாக இடுப்பைக் காட்டினாய். அவரும் இடுப்பைப் படம் எடுத்து, "வயசாச்சு, தேய்மானம்" என்றார். பக்கத்தில்தான் நின்றேன். அக்காவின் பின்புறத்தைப் பற்றித் தம்பி பேசலாமா? பத்திரிகையில் ஊரையே கிண்டல் செய்கிறவனுக்கு அன்று ஒரு சொல் வரவில்லை.

சரளாவும் டாக்டரிடம் இடுப்பைத்தான் காட்டினாள்.

"அங்கே இல்ல டாக்டர், இன்னும் கீழே. தைலம் தேய்ச்சவன் நான்."

அந்த இளம் டாக்டர் அங்கே அழுத்தினார். சரளா அலறினாள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. முதுகெலும்பின் அடியில் ஆப்பு மாதிரி ஓர் எலும்பு இருக்கிறதாம். அதில் விரிசல்.

"விழவே இல்லையே?"

"எலும்பு மெலிஞ்சா விழணும்னே இல்ல, அங்கிள். அன்னாடம் நடக்கிற பாரமே போதும்."

வெளியே வந்ததும் சரளா, "என் மானத்தைக் கப்பலேத்திட்டீங்க" என்றாள். "மானத்துக்கு ஸ்கேன் கிடையாது, எலும்புக்கு இருக்கு" என்றேன். மூன்று நாள் பேசவில்லை. இப்போது ஓய்வும் மருந்துமாக, வாக்கரைப் பிடித்து அடுக்களை வரை வந்து என் சாம்பாரைக் குறை சொல்கிறாள்.

உனக்கும் அதுதானா, அக்கா? நெஞ்சுவலி முந்திக்கொண்டு உன்னைக் கூட்டிப்போய்விட்டது. அந்த எலும்பை யாரும் பார்க்கவே இல்லை. வேறு ஏதாவதாகவும் இருந்திருக்கலாம். ஆனாலும் நான் சொல்லியிருக்கலாம், இல்லையா?

நேற்று நம் தங்கை விமலா போனில், "சும்மா இடுப்புப் பிடிப்பு, அண்ணா" என்றாள். அவளை டாக்டரிடம் கூட்டிப்போக நாளை திருப்பூணித்துறைக்குப் போகிறேன். டாக்டர் முன்னால் அவள் இடத்தை மாற்றிக் காட்டினால் சத்தமாகத் திருத்துவேன். நன்றாக நடந்து வந்து என்னோடு சண்டை போடட்டும். சத்தியம், அக்கா.

உனக்காக வாய் திறக்காத தம்பி,
மணி