இரண்டு வாளிக் கூனி

நாள் 3288 | 06:10
வடக்குத் தொட்டி நலம். தெற்குத் தொட்டி நலம். நீர் பதினெட்டு பாகை.

புதிதாகப் படிப்பவருக்கு: நான் கஸ்பார் மச்சாது. இந்தப் பனிநிலவின் அடிக்கடலில் முப்பத்தொரு பேருக்கு மீன் வளர்க்கும் ஒப்பந்தக்காரன். மீனுக்குத் தீனி, குருணையிலும் சிறிய கூனி இறால். விதை பூமியின் இரண்டு கரைகளின் பாறைக்குழிகளிலிருந்து வந்தது; ஒன்று வடக்குத் தொட்டியில், மற்றது தெற்கில். பார்வைக்கு ஒரே சரக்கு. ஆனாலும் ஒன்பது வருடமாக நான் கலக்கவில்லை. தூத்துக்குடியில் கருவாடு விற்றுக் கற்றது: ஊர் வேறானால் மூட்டையும் வேறு.

தலைமையகம்: "மச்சாது, ரெண்டையும் கலந்து விடுங்க. கலப்புன்னாலே வீரியம். இது கருவாட்டுக் கடை இல்ல."

இரண்டிலும் கொஞ்சம் அள்ளிப் புதுத் தொட்டியில் கலந்தேன்.

நாள் 3314 | 09:40
முதல் ஈடு, அதாவது கலப்பின் பிள்ளைகள், அபாரம். தொட்டி கொதிக்கிற மாதிரி கூனி.

தலைமையகம்: "பாத்தீங்களா? பழைய விதைய வடிச்சிருங்க. இடம் வீணாகுது."

முழுக்க வடித்ததாக எழுதிவிட்டு, இரண்டிலும் ஒவ்வொரு வாளி மட்டும் ஒதுக்கிச் சமையல்கட்டில் மறைத்தேன். பெயர் எழுதவில்லை. சரக்கை ஒளிக்கிறவன் சீட்டு ஒட்டுவானா? சமையல்காரி பவுலீனாவிடமும் காரணம் சொல்லவில்லை. 'சாகாமல் பார்த்துக்கொள்' என்றேன், அவ்வளவுதான்.

நாள் 3341 | 13:05
இரண்டாம் ஈடு குஞ்சிலேயே சாகிறது. உயிரணுவுக்குச் சக்தி தரும் இழைமணி ஓர் அடுப்பு; அது தாய்வழி மட்டும் வருவது. அதற்குப் பொருந்த வேண்டிய விறகு, மற்ற மரபணுக்கள், தாய் தந்தை இருவழியிலும் வருவது. பேரப்பிள்ளைகளில் விறகு கலைந்துவிட்டது, அடுப்பு எரியவில்லை. உருவம் ஒன்றானாலும் இவை என்றோ பிரிந்த இனங்கள்.

தலைமையகம்: "எதிர்பாராத நிகழ்வு. வருந்துகிறோம்."

வருந்துகிறார்களாம்! அடுத்த கப்பல் பதினான்கு மாதம் கழித்து. இங்கே பட்டினி கிடக்கப்போவது தலைமையகத்துக்காரன் பிள்ளையா?

போகட்டும். வாளிகள் இருக்கின்றன.

நாள் 3341 | 13:50
உள்தொடர்பு, பவுலீனா: "அண்ணாச்சி, அந்த ரெண்டு வாளியா? ஒண்ணுல காத்துக்குழாய் நின்னுபோச்சு. செத்துரும்லான்னு அடுத்ததுல ஊத்திட்டேன். பத்து நாளாச்சே! ஏன், நான் சொல்லலையா?"

நான்தான் சொல்லவில்லை.

நாள் 3342 | நேரம் பார்க்கவில்லை
அந்த வாளியிலிருந்து நானூறு பெட்டைகளைப் பிரித்தேன், நானூறு குவளைகளில். எல்லாம் சினை. எது தன் கரைக்காரனுக்கு, எது மறுகரைக்காரனுக்கு என்று கண்ணுக்குத் தெரியாது. பேரப்பிள்ளைகள் பிறந்தால்தான் தெரியும், அதற்கு ஐம்பது நாள். கிடங்கில் முப்பத்தெட்டு நாள் சாப்பாடு.

நாள் 3360
குவளைகள் நிறையக் கூனி. துள்ளுகிறது. உணவறையில் எல்லோரும் கைதட்டினார்கள். பவுலீனா அழுதுகொண்டே சிரித்தாள்: "பொழச்சோம் அண்ணாச்சி!"

முதல் ஈடு. முதல் ஈடு எப்போதும் அபாரம். கிடங்கில் இன்னும் இருபது நாள் சாப்பாடு; பேரப்பிள்ளைகளுக்கு இன்னும் முப்பத்திரண்டு நாள்.

நானும் கை தட்டினேன்.