ஒரு வரி விளக்கம்

மார்ச் 9, திங்கள்

பெங்களூர் ஆபீசுக்குப் போக, தங்கவயல் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போதே ஒருத்தி என் காலை மிதித்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாள் முழுக்க அப்படித்தான் போனது.

டயாலிசிஸ் மையங்களுக்கு வரும் போனை எடுத்துப் பேசும் ஏ.ஐ. ஏஜென்ட்டை எங்கள் கம்பெனி விற்கிறது. அடுத்த வாரம் கோலாரில் ஒரு தனியார் மையத்தில் தொடங்குகிறார்கள். என் அண்ணன் வால்டர் திங்கள், புதன், வெள்ளி போய் ரத்தம் சுத்தம் செய்துகொள்ளும் அதே இடம். ஏஜென்ட்டின் கையில் பதினான்கு டூல்கள், அதாவது அது தானாகவே செய்யக்கூடிய பதினான்கு வேலைகள். எதை எப்போது எடுக்க வேண்டும், எப்போது தொடவே கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதுவது என் வேலை. அதற்கு அந்த மையத்தைத் தெரியாது, அண்ணனைத் தெரியாது. நான் எழுதியது மட்டும்தான் தெரியும்.

இது கிரணுக்கு மண்டையில் ஏறாது. என்னைவிடப் பதினாறு வயது சின்னவன். என் மேலதிகாரி.

மார்ச் 11, புதன்

எட்டுப் பேர் முன்னால் என் விளக்கங்களைத் திரையில் போட்டு உருட்டிக் காட்டினான். "என்ன மேடம், கதை எழுதியிருக்கீங்க? நீளமா இருந்தா ஏஜென்ட் ஸ்லோ ஆகும். டூலுக்கு ஒரு வரி போதும். மாடல் புரிஞ்சிக்கும்." அத்தோடு விட்டானா? "முன்னாடி ஸ்கூல் டீச்சர் இல்ல? அதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்? வீட்டுக்கு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 12, வியாழன்

இரண்டு டூல்கள். ஒன்று, ஒரு நாள் டயாலிசிஸை மட்டும் வேறு நாளுக்குத் தள்ளிவைக்கும். மற்றது, நோயாளியின் நிரந்தர இடத்தையே எடுத்துக் காத்திருக்கும் அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். கொடுத்தால் கொடுத்ததுதான். இந்த இரண்டாவதற்கு ஒன்பது வரி எழுதியிருந்தேன். 'ஒரு நாள் மட்டும் வர முடியாது என்று சொல்பவருக்கு இதைப் பயன்படுத்தாதே' என்பதுதான் முதல் வரி.

ஒன்பதையும் அழித்தேன். 'நோயாளி வராதபோது அவருடைய நேரத்தை விடுவிக்கும்.' ஒரு வரி கேட்டான் இல்லையா, இந்தா வாங்கிக்கோ. தப்பான டூலை எடுக்கும். எடுக்கட்டும். அதே எட்டுப் பேர் முன்னால் அவன் திருதிருவென்று முழிக்கட்டும்.

கிரண் படித்துவிட்டுக் கட்டைவிரல் படம் அனுப்பினான். இதில் ஆபத்து இருக்கிறது என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மார்ச் 18, புதன்

கோலாரில் தொடங்கியாயிற்று. புகார் ஒன்றும் இல்லை. கிரண் கேக் வெட்டினான். நான் தொடவில்லை.

ஏப்ரல் 1, புதன்

அண்ணன் பக்கத்து வீட்டிலிருந்து வேலிக்கு மேல் கத்தினார். "ஏய் ஈவ்லின், உங்க மெஷின்தான் போன் எடுத்துச்சு. பெரிய வெள்ளிக்கு மூணு மணி நேரம் ஆராதனை கீது, அன்னிக்கி வரமாட்டேன், சனிக்கிழமை வரட்டுமான்னு கேட்டேன். வாங்கன்னுச்சு. உங்க கிரண் மாதிரி இல்ல, மரியாதையா பேசுது."

சிரித்துவிட்டு உள்ளே வந்து அரிசி ஊறவைத்தேன். எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை.

ஏப்ரல் 4, சனி

அண்ணன் மையத்துக்குப் போனால், அவருடைய இடம் வேறு யாருக்கோ போயிருந்ததாம். பட்டியலில் இவர் பெயரே இல்லை. "நீங்களே இடத்த விட்டுட்டதா காட்டுது" என்றார்களாம். இனி இடம் கிடைக்க மூன்று வாரம் ஆகுமாம். எங்கள் ஊர்க்காரர்கள் இன்னும் மூன்று பேருக்கு இதே கதி. எல்லோரும் பெரிய வெள்ளி அன்று மட்டும் வரமாட்டோம் என்று போன் செய்தவர்கள். கோவிலுக்குப் போனதற்கு இது.

கிரணுக்குப் பத்துத் தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. நாய்.

ஏப்ரல் 6, திங்கள்

மூச்சு விட முடியவில்லை அண்ணனுக்கு. கால் ரெண்டும் வீங்கிப்போச்சு. கார் பிடித்துப் பெங்களூரில் சேர்த்தோம். ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒண்ணும் ஆயிடக் கூடாது சாமி. நான்தான் பண்ணேன். கிரண் இல்ல, நான்தான்.

ஏப்ரல் 9, வியாழன்

பிழைத்துவிட்டார். நாலு பேருக்கும் பழைய இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு வரி விதி போட்டவன் என்று கிரணை இந்த வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள். என் ஒன்பது வரியும் திரும்ப ஏறிவிட்டது. 'உங்கள் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்' என்று மேலிடத்திலிருந்து எனக்கு மெயில். நான் எங்கே பேசினேன்? கிரண் பையைத் தூக்கிக்கொண்டு வேறு மாடிக்குப் போனதைப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் எழுத இது ஆபீஸ் ரிப்போர்ட் இல்லை.

ஏப்ரல் 11, சனி

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன் ஒரே பாட்டு. "அந்த பெங்களூர் பையன் பண்ண வேல. என் தங்கச்சி இல்லேன்னா நான் போயி சேந்திருப்பேன்." கேட்கக் கேட்க உடம்பு கூசியது. எல்லோரும் போன பிறகு சொல்லிவிட்டேன். தெரிந்தேதான் அப்படி எழுதினேன், கிரண் மேல் இருந்த கோபத்தில் எழுதினேன் என்று.

தலையணையை நிமிர்த்திவைத்து உட்கார்ந்தார். பிறகு, "நான் உன் அண்ணன். நாலு திட்டு திட்டிட்டு உட்ருவேன். மத்த மூணு பேருக்கு இன்னா சொல்லப் போற?"

"கம்பெனியில மன்னிப்பு லெட்டர் அனுப்பிட்டாங்கண்ணே."

"அதுல உன் பேரு கீதா?"

ஏப்ரல் 12, ஞாயிறு

மூன்று பேரில் மரியகுழந்தை அக்கா வீடுதான் கிட்டே. முதலில் அங்கே போனேன். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தவர். ஊசி குத்திக் கை முழுக்கக் கறுத்துக் கிடந்தது. "வாம்மா, வாம்மா. எங்களுக்காக எம்மாம் சண்டை போட்டியாம், உங்கண்ணன் சொன்னாரு" என்று அந்தக் கையாலேயே காபி போட்டுக் கொடுத்தார்.

சொன்னேன். மழுப்பவில்லை. கிரண் பெயரை எடுக்கவே இல்லை.

அவர் திட்டவில்லை. எழுந்து வந்து, நான் பாதி குடித்திருந்த டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரவில்லை.

இன்னும் இரண்டு வீடு இருக்கிறது. அதற்கப்புறம் கிரண்.