இருட்டிலிருந்து ஒரு பதில் ஸலாம்

அன்புள்ள உம்மாவுக்கு, சென்னையிலிருந்து நஜீபாவின் ஸலாம். வாப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

போனில் சொன்னால் பாதியிலேயே திட்டுவீர்கள், அதனால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் பெண்களோடு டிவி காமெடி நிகழ்ச்சி எடுப்பதைப் பார்க்கப் போனேன். அடேயப்பா! நம் தர்கா கந்தூரி ஊர்வலத்தில் வரும் கூட்டின் விளக்குகளையெல்லாம் ஒரே இடத்தில் தொங்கவிட்டது போல வெளிச்சம். அதன் நடுவே மூன்றே சுவர்களோடு ஒரு வீடு, மேலே கூரையே இல்லை. எங்களை இருட்டில் உட்காரவைத்து, "கையக் காட்டினா மட்டும் சிரிங்க, வேற சத்தமே வரக் கூடாது" என்றார்கள்.

துபாயிலிருந்து வரும் மாப்பிள்ளையாக நடித்தவர் கதவைத் திறந்து, மாமனாராக நடித்தவரிடம் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். மாமனார் வாய் திறப்பதற்குள் நான் சத்தமாக "வஅலைக்கும் ஸலாம்" என்றுவிட்டேன்!

எல்லாம் நின்றுபோனது. வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். மாப்பிள்ளையாக நடித்தவர் நெஞ்சில் கைவைத்து, "நல்லா இருக்கும்மா. மறுபடி எடுக்கிறோம், அதே மாதிரி சொல்லுங்க" என்றார். பிறகு அத்தனை வெளிச்சத்துக்கு நடுவே நின்று, என் பக்கம் பார்த்து ஸலாம் சொன்னார், உம்மா. இங்கே வந்த மூன்று மாதத்தில் என்னிடம் யாரும் நேரில் ஸலாம் சொன்னதில்லை.

வரும் சனிக்கிழமை ஏழு மணிக்குப் போடுவார்கள். என் முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். வாப்பாவை டிவிக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

நூகு மாமா சென்னைக்கு வரும்போது எலுமிச்சை ஊறுகாயும் உங்கள் தலையணை உறை ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. உறையைத் துவைத்துவிடாதீர்கள்.

உங்கள்
நஜீபா