முந்தானைக்குள் இருந்த கைகள்

அன்புள்ள அக்கா,

நேற்றுப் பூசை அலமாரியைத் துடைத்தபோது உன் தைலச் சீசா அகப்பட்டது. மூடியைத் திறந்ததும் எழுந்த கற்பூர வாசம், ஏற்றி வைத்த ஊதுவத்தியையும் வென்று, உன்னை என் எதிரே நிறுத்திவிட்டது.

முடக்குவாதம் உன் விரல்களை ஒவ்வொன்றாகத் திருகிய காலம் அது. காப்பித் தம்ளரை இரு மணிக்கட்டுகளால் தாங்கிப் பருகுவாய். நம் அம்மாவும் அப்படித்தான் பருகினார். கடலூர் வீட்டுக்கு உன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாய். "வாய் எவ்ளோ வேணா பேசலாம்டா, கை மட்டும் பேசக் கூடாது" என்று என் காதில் சொல்லிச் சிரித்தாய். உன் கணவரோ எவரும் கேட்கும் முன்பே, "எங்க குடும்பத்துல யாருக்கும் ஒரு நோவும் கிடையாது" என்று முழங்கினார். பெண்ணைப் பெற்ற வீட்டின் வழக்கம் அது. நான் உன் நோயை முன்வினை என்று எண்ணித் திருவதிகைக் கோயிலில் விளக்கேற்றி வந்தேன்.

நீ இறைவனடி சேர்ந்த பின், விடியலில் விரல்களை மடக்க முடியவில்லை என்றாள் உன் மகள். தையற்கடை நடத்துகிறவளுக்கு விரல் போனால் பிழைப்பே போகும். சிதம்பரத்தில் ஒரு மருத்துவரம்மாவிடம் மூவரும் சென்றோம். "குடும்பத்துல வேற யாருக்காவது இது இருந்துச்சா?" என்று அவர் கேட்டதும், பழகிய பாடத்தை ஒப்பித்தார் உன் கணவர். "எங்க குடும்பத்துல யாருக்கும் ஒரு நோவும் கிடையாது!"

"அப்பா! இவுங்க பொண்ணு பாக்க வரல, வைத்தியம் பாக்கறாங்க!" என்று அதட்டினாள் உன் மகள். "அம்மாவுக்கு இருந்துச்சு டாக்டர். அம்மாவப் பெத்த ஆயாவுக்கும்."

மருத்துவரம்மா நிமிர்ந்தார். "இதைத்தான் முதல்ல சொல்லணும். வரக்கூடிய தன்மைதான் மரபணு வழியா வரும். எல்லாருக்கும் நோய் வந்தே தீரணும்னு இல்ல. ஆனா ரத்த சொந்தத்துல இருந்தா, சீக்கிரமே பாத்துடணும்."

ரத்தப் பரிசோதனை நோயை உறுதி செய்தது. மூட்டு கோணும் முன்பே மருந்து தொடங்கியது. வினையென்று நான் தலைகுனிந்த இடத்தில், அறிவென்னும் வாசலை அம்பலவாணன் திறந்தே வைத்திருந்தான்.

இந்த ஆனித் தேரன்று சிதம்பரம் கீழ வீதியில் உன் மகள் வடத்தைப் பற்றினாள். "வுடும்மா, கை போயிடும்!" என்று பதறினார் உன் கணவர்.

"அதெல்லாம் ஒண்ணும் போவாது. நீங்க மொதல்ல ஒழுங்கா புடிச்சி இழுங்கப்பா!"

அவள் விரல்கள் அனைத்தும் மடங்கி வடத்தை இறுகப் பிடித்தன. தேர் அசைந்தது. கூட்டம் சிவனை அழைத்தது. நான் "அக்கா" என்று கத்தினேன்.

இப்போது நம் உறவில் எந்த வீட்டில் சம்பந்தம் பேசினாலும், நான்தான் முதலில் வாய் திறக்கிறேன். "எங்கக்காவுக்கு முடக்குவாதம் இருந்துச்சு. எங்கம்மாவுக்கும் இருந்துச்சு. யாருக்காவது காலையில விரல் மடங்கலன்னா மறைக்காம சொல்லுங்க." திருவைந்தெழுத்தை ஓதும் அதே நாவால், அதே உரத்த குரலில் சொல்கிறேன், அக்கா.