அரை வயித்துச் சாப்பாடு

கண்ணு, நீயும் வயித்துல இருக்கிற புள்ளையும் சுகமா? அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? நான் நல்லா இருக்கேன். நான் சொல்லச் சொல்ல ரூம்ல கூட இருக்கிற சமையக்காரரு எழுதுறாரு. கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்க.

நான் தரை துடைக்கிற ஆஸ்பத்திரியில நேத்து ஒரு புள்ள பொறந்துச்சு. ஒன்றரைக் கிலோதான். என் ஈர மாப்பே அதைவிட கனம். பயப்படாத, கண்ணாடிப் பெட்டியில நல்லாத்தான் இருக்கு.

"புள்ள சின்னதா இருந்தா சுலபமா பொறக்கும்னு அத்தை சொன்னாங்க. அரை வயித்துக்குத்தான் சாப்பிட்டேன், சத்து மாத்திரையும் தொடல"ன்னு அந்தப் பொண்ணு அழுதுச்சு.

நர்சம்மா விடல. "பெக்கிறது ஒரு நாளு. இத தேத்தி எடுக்கிறது யாரு, உன் அத்தையா?"

எனக்கு உடனே உன் நெனப்புதான் வந்துச்சு. நம்ம அம்மாவும் உனக்கு அந்த அத்தை சொன்னதத்தானே சொல்லுது?

வயிறார சாப்பிடு. மாத்திரையப் போடு. குடம் தூக்காத. எடை பாத்து எழுதிப் போடு. கூட நாலு வரி இருந்தாலும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்குவேன்.

சமையக்காரருக்கு வேலைக்கு நேரமாச்சாம். அம்மா கேட்டா, "உங்க மகன்தான் சொன்னாரு"ன்னு சொல்லிடு. இதுவரைக்கும் அம்மாவ நான் எதுத்துப் பேசினதில்ல. திட்டுனா திட்டட்டும், வந்து வாங்கிக்கிறேன்.