பெருக்கல் குறி போட்ட இடம்

வையானே, ஓவாஹு தீவு, ஹவாய்
3 ஏப்ரல் 2018

அன்புள்ள தங்கச்சி மோமிக்கு,

அண்ணன் அப்னர் தன் கையால் எழுதுவது. இந்த வரியை இன்னொரு முறை படி. தன் கையால்.

எழுபத்திரண்டு வயதில் எனக்கு எழுத்து வந்துவிட்டது. நூலகத்தில் செவ்வாயும் வியாழனும் வகுப்பு. ஒன்பது பேர், எல்லாம் கிழடுகள். இவாலானி டீச்சருக்கு உன் மகன் டேன் வயதுதான் இருக்கும். "உண்மையான ஆளுக்கு, உண்மையான ஸ்டாம்பு ஒட்டி எழுதுங்க அங்கிள்" என்றாள். போனில் என்றால் நீ ஒருத்திதானே பேசுவாய், அதனால் எனக்கும் இதுவே வசதி. இந்தப் பக்கத்தை எழுத ஐந்து நாள் ஆனது.

இருபத்தாறு வருடம் சாலை வேலையில் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேனே, அதில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? ஒரு பக்கம் 'நில்'. மறுபக்கம் 'மெதுவாக'. நிறத்தைப் பார்த்துத்தான் திருப்பிக்கொண்டிருந்தேன். போன வாரம் பஸ்ஸில் போகும்போது ஒருவன் அதே பலகையோடு நின்றான். சத்தமாகப் படித்தேன். "நான்தான் பிரேக் போடுறேனே, ஏன் கத்துறீங்க?" என்றான் டிரைவர்.

இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன். 'ஹவாய்ச் சுவை' என்று போட்ட மீன் டப்பாவின் பின்பக்கம், எறும்பு போன்ற எழுத்தில், வேறு நாட்டில் செய்ததாகப் போட்டிருக்கிறது. இத்தனை வருடம் யார் யார் எதை எதைச் சொல்லி என்னை நம்ப வைத்தார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

வீட்டுக்காரர் டொமிங்கோ வந்தார். இந்தக் கார் ஷெட் அறைக்கு இனி மாதம் ஆயிரத்து நானூறு டாலராம். முடியாதென்றால் ஜூலை கடைசியில் காலி செய்ய வேண்டும். "டூரிஸ்ட்டுக்கு விட்டா ரெண்டு மடங்கு வரும் அப்னர், பழகின ஆளாச்சேன்னு கேக்கிறேன்" என்றார். நோட்டீஸை என்னிடமே நீட்டினார். படித்தேன். அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

நான் இப்போது கொடுக்கும் வாடகைக்கு இந்தக் கரையில் வேறு அறை இல்லை. படகுத்துறையில் வீடில்லாத நம் ஆட்களின் கூடாரங்கள் போன வருடத்தைவிட அதிகம். பாதியாவது ஹவாய்ப் பூர்வகுடி ரத்தம் இருப்பவர்களுக்கு வருடம் ஒரு டாலர் வாடகையில் அரசாங்கம் தரும் நிலத்துக்குப் பெயர் போட்டேனே, அதற்கு முப்பத்தேழு வருடம் ஆகிவிட்டது. "கிடைக்கிறப்போ உன் சாம்பலைத் தூவிக்கலாம்" என்று சிரித்து நீ பெயரே போடாமல் விட்டாய். நீதான் புத்திசாலி.

உன் அண்ணன்
அப்னர்

---

லாஸ் வேகாஸ்
14 ஏப்ரல்

அன்புள்ள அண்ணனுக்கு,

மோமி எழுதுகிறேன். கடிதம் வந்தது. மெய்யாகவே நீதான் எழுதினாயா? அந்த டீச்சர் சொல்லச் சொல்ல எழுதினாயா? இல்லை, சர்ச்சில் எந்த விதவையாவது உனக்குக் கை கொடுக்கிறாளா? என் முன் பல் எப்படிப் போனது என்று எழுது. அது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பிறகு நம்புகிறேன்.

நீ இங்கே வந்துவிடு. எட்டுத் தீவு ஹவாய்க்கு வேகாஸ்தான் ஒன்பதாவது தீவு என்று எல்லாரும் சும்மாவா சொல்கிறார்கள்? கடைக்குப் போனால் பாதிப்பேர் நம் முகம். டேன் மூன்று அறை வீடு வாங்கிவிட்டான். அங்கே இருந்திருந்தால் இன்னும் என் மாமியார் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருப்பான். கடல் இல்லைதான். கடலைப் பார்த்தபடி காரில் தூங்குகிறார்களே நம் ஆட்கள், அவர்களுக்குக் கடல் என்ன கொடுத்தது?

எனக்கு இரண்டு தெரு தள்ளி முதியோர் குடியிருப்பில் அறை காலியாகிறது. விண்ணப்பம் இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடும் இடத்தில் வழக்கம்போல் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். போட்டு அனுப்பு. உட்கார்ந்து படிக்காதே, கண் கெட்டுவிடும்.

இன்னொன்று. கட்டிலுக்கு அடியில் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் பழைய காகிதம் கிடக்கும். கரப்பான் சேரும். தூக்கிப் போட்டுவிடு.

தங்கை
மோமி

---

வையானே
1 மே

அன்புள்ள மோமிக்கு,

உன் பல்லை உடைத்தது நான் எறிந்த மாங்காய். படியில் விழுந்ததாக அப்பாவிடம் நீயே சொல்லி என்னைக் காப்பாற்றினாய். போதுமா? விதவை யாரும் இல்லை. இருந்தால் எழுத நேரம் ஏது?

கோபப்படாதே, ஒன்று சொல்கிறேன். 'படிக்காதே' என்று எழுதினாயே, அதனாலேயே விண்ணப்பத்தை மூன்று நாள் படித்தேன். பதினொரு பக்கம். தெரியாத சொல்லைத் தாளில் குறித்துக்கொண்டு போய் டீச்சரிடம் கேட்டேன். எந்தப் பக்கத்தில் என் தங்கச்சி என்னை விற்கிறாள் என்று தேடினேன். இல்லை. நீ சொன்னதுதான் அதில் இருக்கிறது. வெட்கமாக இருந்தது.

நாய் வளர்க்கக் கூடாதாம். பால்கனியில் மீன் சுடக் கூடாதாம். பாலைவனத்தில் எந்த மீனைச் சுடப்போகிறேன் என்று நினைத்தார்களோ. ஆனால் வாடகை மலிவு. டொமிங்கோ தினமும் வந்து சுவரை அளக்கிறார். "என்ன அப்னர், முடிவு பண்ணிட்டீங்களா?" என்றார். "படிச்சிட்டிருக்கேன்" என்றேன். "இன்னுமா?" என்றார். இன்னும்தான்.

நேற்றைக்கு மனது வேகாஸ் பக்கம் சாய்ந்துவிட்டது. கையெழுத்துப் போடப் பேனாவையும் எடுத்தேன். அப்போதுதான் உன் கடிதத்தின் கடைசிப் பத்தி நினைவுக்கு வந்தது. ஆறு வருடமாக நீ இங்கே இல்லை. அந்த டப்பாவில் கரப்பான் வந்தால் உனக்கென்ன?

அப்னர்

---

லாஸ் வேகாஸ்
10 மே

அண்ணா,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. டப்பா ஒன்றுமில்லை. பழைய மின்சார ரசீது, அம்மாவின் மருந்துச் சீட்டு, அவ்வளவுதான். மருந்துச் சீட்டைப் பார்த்தால் உனக்கு மனது கஷ்டப்படும் என்றுதான் சொன்னேன்.

அறை மே முடியும் வரைதான் நிற்கும். டேன் விமானச் சீட்டு எடுக்கத் தயார். கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. மற்றதெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

மோமி

---

வையானே
22 மே

மோமிக்கு,

டப்பாவைத் திறந்தேன். மின்சார ரசீது இருந்தது. மருந்துச் சீட்டு இருந்தது. அவற்றுக்கு அடியில், நான்காக மடித்து, நில அலுவலகத்துக்கு அனுப்பிய காகிதத்தின் நகல் ஒன்றும் இருந்தது. தேதி 2005 மார்ச் 9.

எனக்கு ஒரு முழு நாள் ஆனது. திரும்பவும் படித்தேன். மூன்றாம் தடவை விரலை வைத்துக்கொண்டு படித்தேன். ஹிலோ பக்கம் கால் ஏக்கர் மனை. என் முறை வந்திருந்தது. என் பெயர், என் எண். கீழே இரண்டு கட்டம். 'ஏற்கிறேன்' என்ற கட்டம் காலியாக இருக்கிறது. 'இந்த மனை வேண்டாம், ஒத்திவைக்கவும்' என்பதற்கு நேரே பென்சிலால் உன் பெருக்கல் குறி. அதற்குப் பக்கத்தில் என் கையெழுத்து. எனக்கு அப்போது எழுதத் தெரிந்த ஒரே சொல்.

அந்த நாள் நினைவிருக்கிறது. வேலை முடிந்து வந்தேன். "என்ன போட்டிருக்கு?" என்றேன். "இன்னும் உன் முறை வரலையாம். கடுதாசி கிடைச்சதுக்கு ஒரு கையெழுத்துப் போடு" என்றாய். சோறு போட்டாய். கையெழுத்துப் போட்டேன்.

ஏன்?

அப்னர்

---

லாஸ் வேகாஸ்
5 ஜூன்

அண்ணா,

ஏழு தாள் கிழித்துவிட்டேன்.

அம்மா படுத்து அப்போது எட்டு மாதம். நீ காலை நான்கு மணிக்குப் போனால் இருட்டிய பிறகு வருவாய். துடைப்பது, புரட்டுவது, ஊட்டுவது எல்லாம் நான். மனைக்குப் போவது என்றால் விமானம் ஏறி வேறு தீவு. அம்மாவை அசைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உன் முறை வந்துவிட்டது என்று நான் படித்துச் சொல்லியிருந்தால் நீ பறந்திருப்பாய். கோழி வளர்க்கப்போகிறேன், வாழை வைக்கப்போகிறேன் என்று இருபது வருடம் அதைத்தான் பேசினாய். நான் அந்த அறையில் தனியாக இருந்திருப்பேன்.

ஒத்திவைத்தால் ஒரு வருடத்தில் திரும்பவும் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அம்மா நான்கு வருடம் இருந்தாள். அலுவலகம் கூப்பிடவே இல்லை. பிறகு எப்படிச் சொல்வது? கிழித்துப் போட மூன்று முறை அந்தத் தாளை எடுத்தேன். முடியவில்லை.

உன் முதல் கடிதம் வந்தபோது யார் எழுதினார்கள் என்று கேட்டேனே, அது கேலி இல்லை. நீயே எழுதியிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஒரு தங்கை இப்படி வேண்டுவாளா? நான் வேண்டினேன்.

உன்னை இங்கே கூப்பிட்டது எனக்காகவும்தான். ஒரு வீடு பறித்தேன், ஒரு அறையாவது கொடுக்கலாம் என்று. கெஞ்சியதில் ஜூலை பதினைந்து வரை அந்த அறையை வைத்திருக்கிறார்கள். வா. வந்து என்னைத் திட்டு.

மோமி

---

வையானே
24 ஜூன்

அன்புள்ள மோமிக்கு,

மூன்று பஸ் மாறி நில அலுவலகத்துக்குப் போனேன். நாற்காலியில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "உங்க பேரு இருக்கு அங்கிள். நீங்கதான் வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. ஏன் வேண்டாம்னீங்க?" என்றாள். உன் பெயரைச் சொல்லத்தான் போயிருந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டும் போனேன். ஆனால் வாயில் வந்தது, "அம்மா படுக்கையா கிடந்தாங்கம்மா."

"அப்ப சரி" என்று ஒரு காகிதம் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டால் பட்டியலில் திரும்பவும் கூப்பிடும் இடத்துக்கு வந்துவிடுவேனாம். அரை மணி நேரம் படித்தேன். "அங்கிள், அது கதைப் புத்தகம் இல்ல!" என்று வரிசையில் ஒருவன் கத்தினான். முழுவதும் படித்துவிட்டுத்தான் போட்டேன்.

திரும்பி வரும்போது என்னையே கேட்டுப் பார்த்தேன்: அன்று நீ சரியாகப் படித்துச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? போயிருப்பேன், மோமி. அம்மாவை உன் தலையில் விட்டுவிட்டுப் போயிருப்பேன். கோழிக்கூண்டு கட்டிய பிறகு வருத்தப்பட்டிருப்பேன். இது நீ பயந்தது சரி என்று ஆகுமே தவிர, நீ செய்தது சரி என்று ஆகாது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் தெரியவில்லை.

வேகாஸுக்கு நான் வரவில்லை. விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புகிறேன், அறையை வேறு கிழவனுக்குக் கொடுக்கட்டும். தண்டிக்க இல்லை. உன் மேசையில் ஒரு கவர் வந்து விழுந்தால் யார் முதலில் எடுப்பது என்று நாம் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். அப்படி ஒரே ஊரில் இருக்க என்னால் முடியாது.

என்னோடு சாலை வேலை பார்த்த சாலமோன் இப்போது ஹிலோவில் இருக்கிறான். பின்பக்க அறை இருக்கிறதாம். ஹிலோவில் வாடகை இதில் பாதிதான். "குறட்டை விடுவியா?" என்று மட்டும் கேட்டான். ஜூலை இருபதாம் தேதி போகிறேன். மனை எப்போது வரும், நான் இருக்கும்போதே வருமா, தெரியாது. ஹிலோ விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். எழுதலாம். பதில் உடனே வராவிட்டால் அஞ்சல்காரரைத் திட்டாதே.

வியாழக்கிழமை வகுப்பில், உங்கள் கடிதத்துக்கு வந்த பதிலைப் படியுங்கள் என்றாள் டீச்சர். உன் ஜூன் ஐந்தாம் தேதிக் கடிதம்தான் பையில் இருந்தது. எழுந்து நின்று விரித்தேன். "இங்கே வெயில் அதிகம். டேன் சுகம். வீட்டின் பின்னால் எலுமிச்சை காய்த்திருக்கிறது. உன்னைப் பார்க்க ஆசையாக இருக்கிறது அண்ணா." தாளைப் பார்த்துக்கொண்டே, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, பக்கத்தைக்கூடத் திருப்பிப் படித்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். உன் வீட்டில் எலுமிச்சை மரம் இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

உன் அண்ணன்
அப்னர்